பூட் லாகில் டிரைவர் கான்ஃப்ளிக்ட் எச்சரிக்கை: மதர்போர்டு போய்விட்டதா?

செக்காலை பலகாரம்:
காரைக்குடியில் எங்கள் பலகாரக் கடையின் பில்லிங் கம்ப்யூட்டர், எச்61 போர்டு, ஐ3. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோடு அப்டேட் நின்றதால் லினக்ஸ் மின்ட் போட்டேன், போன வாரம் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி மட்டும் வைத்து ஓட்டுகிறேன். அதிலிருந்து லோகோ வந்து ஒன்றரை நிமிஷம் அப்படியே நிற்கிறது, அப்புறம்தான் லாகின். பூட் லாகைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கமாண்டில் எச்சரிக்கைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் மஞ்சள் எழுத்தில் ஏசிபிஐ (பயாஸும் லினக்ஸும் ஹார்ட்வேர், பவர் விவரங்களைப் பகிர்ந்துகொள்ளும் முறை) வார்னிங்: 428 முதல் 42எஃப் வரையிலான சிஸ்டம்ஐஓ, 400 முதல் 47எஃப் வரையிலான ஆப்ரீஜனோடு கான்ஃப்ளிக்ட் ஆகிறதாம். கீழேயே எல்பிசி_ஐசிஎச், ஜிபிஐஓ_ஐசிஎச் என்று இன்னொரு வரி. சர்வீஸ் பார்ப்பவர் போர்டு போச்சு, மாத்திடுங்க என்கிறார். கல்யாணச் சீர் ஆர்டர் குவிந்து கிடக்கும் நேரம், மணகோலம் பொட்டலம் கட்டவே ஆள் இல்லை. நெட்டில் ஒருவர் ஏசிபிஐ=ஆஃப் என்ற பூட் ஆப்ஷனைக் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா? பில் பிரிண்டர் சீரியல் போர்ட்டில் இருக்கிறது, அதற்கும் ஆபத்தா?

தேவகோட்டை அக்கா:
தம்பி, போர்டை மாற்ற வேண்டாம். ஏசிபிஐ=ஆஃப் கொடுக்கவே கொடுக்காதீர்கள், அப்புறம் ஷட்டவுன் போட்டாலும் மிஷின் தானாக அணையாது, பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும், சில போர்டுகளில் வேலை செய்யும் கோர்களும் குறைந்துவிடும். நெட்டில் இந்த யோசனை சொல்பவர்கள் பாதிப்பேர் அதைப் போட்டுப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

பயாஸ் தன் ஏசிபிஐ அட்டவணையில் 400 முதல் 47எஃப் வரையிலான ஐஓ முகவரிகள் (ஹார்ட்வேரோடு பேசப் பயன்படும் எண்கள்) தனக்கு வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. 428 அதற்குள்தானே வருகிறது? அந்த இடத்தை லினக்ஸின் எல்பிசி_ஐசிஎச் டிரைவர் தன் ஜிபிஐஓ (போர்டில் உள்ள பொது உபயோகப் பின்கள்) பகுதிக்காகக் கேட்கிறது, லினக்ஸின் மையமான கெர்னல் தர மறுக்கிறது. வளவு வீட்டில் ஒரு புள்ளி (குடும்பம்) பூட்டி வைத்திருக்கும் அறைக்கு இன்னொரு பங்காளி வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போகிற மாதிரி. இதனால் உங்களுக்குக் கிடைக்காமல் போவது ஜிபிஐஓ பின்களை லினக்ஸிலிருந்து நேரடியாக ஆட்டிவைக்கும் வசதி மட்டும்தான், பில் போடுகிறவருக்கு அது எதற்கு? இன்டெல் 6, 7 சீரிஸ் போர்டுகளில் இந்த வரி சர்வசாதாரணம். சீரியல் போர்ட்டுக்கு டிரைவரே வேறு, லாகில் டிடிஒய்எஸ்0 என்ற வரியில் 16550ஏ என்று இருந்தால் பிரிண்டர் பத்திரம்.

தாமதம் வேறு சங்கதி. எச்சரிக்கைகளை மட்டும் வடிகட்டாமல் முழு லாகையும் திறந்து, இடப்பக்கம் இருக்கும் நேரத்தைப் பாருங்கள், எந்த இரண்டு வரிகளுக்கு நடுவே ஒன்றரை நிமிஷம் காணாமல் போகிறது?

செக்காலை பலகாரம்:
அக்கா, ஏசிபிஐ வரி 9:41:07. அதற்குப் பிறகும் நாலைந்து நொடிக்கு வரிகள் மளமளவென்று ஓடுகின்றன, அப்புறம் ஒரே தாவாக 9:42:41, அங்கே ஒரு நீளமான யூயூஐடி (டிஸ்க் பகுதியின் அடையாள எண்), அந்த டிவைஸுக்காகக் காத்திருந்து டைம்அவுட் ஆகிவிட்டதாம். கீழே ஸ்வாப்புக்கு டிபென்டென்சி ஃபெயில்.

தேவகோட்டை அக்கா:
அதேதான். ராம் பற்றாதபோது கைகொடுக்கும் ஸ்வாப் பார்ட்டிஷன் நீங்கள் கழற்றிய டிஸ்க்கில் இருந்திருக்கிறது. இல்லாத டிஸ்க்குக்காக, பூட்டில் எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி 90 நொடி காத்திருக்கிறது, அதன் வழக்கமான கெடு அவ்வளவு. பிஎல்கேஐடி கமாண்டில் வரும் யூயூஐடிகளை பூட்டில் எந்தப் பார்ட்டிஷன்களை இணைப்பது என்று சொல்லும், இடிசி ஃபோல்டரில் உள்ள எஃப்ஸ்டேப் கோப்போடு ஒப்பிடுங்கள், டிஸ்க்கில் இல்லாத ஸ்வாப் வரியின் முன்னால் # போடுங்கள். அதே இடிசியில் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் ஃபோல்டருக்குள் கான்ஃப்.டி, அதில் ரிசியூம் என்ற கோப்பில் அதே யூயூஐடி இருந்தால் அதையும் எடுத்துவிட்டு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டுங்கள். பலர் அதை மறந்துவிட்டு, இன்னும் அரை நிமிஷம் நிற்கிறதே என்று திரும்ப வருவார்கள்.

புதுவயல் மில்:
நடுவில் நுழைகிறேன். எல்லா கான்ஃப்ளிக்ட்டையும் அப்படி விட்டுவிட முடியாது அக்கா. எங்கள் அரிசி ஆலை ஆபீஸ் மிஷினில் ஃபேன் முழுக்க உமித்தூசி, வேகம் பார்க்கலாம் என்று எல்எம்-சென்சார்ஸ் போட்டால், சென்சார் சிப்பைப் படிக்கும் ஐடி87 மாட்யூல் ஏறவே மாட்டேன் என்கிறது, டிவைஸ் பிஸியாம், லாகில் இதே ஏசிபிஐ கான்ஃப்ளிக்ட். ஏசிபிஐ_என்ஃபோர்ஸ்_ரிசோர்சஸ்=லாக்ஸ் (lax) என்ற பூட் ஆப்ஷன் கொடுத்ததும் வேகம் தெரிகிறது. இதை நிரந்தரமாக வைக்கலாமா?

தேவகோட்டை அக்கா:
உங்கள் கேஸில் உண்மையிலேயே ஒரு வசதி போகிறது, அதனால் யோசிக்கலாம். ஆனால் லாக்ஸ் கொடுத்தால் கெர்னல் எச்சரித்துவிட்டு எல்லா டிரைவருக்கும் வழி விட்டுவிடும். பயாஸும் ஐடி87ம் ஒரே நேரத்தில் அந்தச் சிப்பைத் தொட்டால் வெப்பநிலை தாறுமாறாகக் காட்டும், ஃபேன் கட்டுப்பாடே குழம்பவும் கூடும். நானாக இருந்தால் முதலில் பயாஸ் அப்டேட் உண்டா என்று பார்ப்பேன். இல்லையென்றால் பூட் தொடக்கத்தில் வரும் கிரப் மெனுவில் ஈ (e) அழுத்தி அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் லாக்ஸ் சேர்த்து, பார்த்து முடித்ததும் ரீஸ்டார்ட். ஃபேனை புளோயரால் ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், அதிவேகமாகச் சுற்றினால் பேரிங் போய்விடும்.