புதுப்பிப்பு: சி18 குழாயின் அழுத்தம் இறங்கிவிட்டது

எச்பிஎல்சி கருவியில் (கலவையில் உள்ள பொருள்களைத் திரவ ஓட்டத்தில் பிரித்துக் காட்டுவது) சி18 பிரிகைக் குழாயின் (18 கார்பன் சங்கிலிகள் ஒட்டிய துகள்கள் நிரம்பியது) அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

அதற்கு முன்னால் அழுக்கைத் தடுக்கும் சிறிய முன்காப்புக் குழாயைக் கழற்றியும் அழுத்தம் குறையவில்லை. அடைப்பு சி18 குழாயில்தான். பாஸ்பேட் பஃபர் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் உப்புக் கரைசல்) ஓடியது என்பதால் நேராக அசிட்டோநைட்ரைல் என்ற கரிமக் கரைப்பானை விடவில்லை. விட்டால் உப்பு உள்ளேயே படிந்துவிடும். 5% மெத்தனால் கலந்த நீரைக் குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்டினேன். வெறும் நீர் வேண்டாம், பல சி18 வகைகளின் துளைகளிலிருந்து அது வெளியேறி, பிரிக்கும் திறன் போய்விடும்.

அப்புறம், தயாரிப்பாளர் கையேடு அனுமதித்ததால், பிரிந்து வரும் பொருள்களை அளக்கும் டிடெக்டரின் இணைப்பை எடுத்துவிட்டுக் குழாயைத் திருப்பிப் போட்டுக் கழுவினேன். பெரிய மாற்றம் இதில்தான் வந்தது, பார்க்கவே நிம்மதி! வரைபடத்தில் பொருள்களைக் காட்டும் உச்சிகளும் மறுபடி கூர்மையாக வருகின்றன. இப்போது அசிட்டோநைட்ரைல் நிரப்பி, இரு முனைகளையும் இறுக மூடி வைத்திருக்கிறேன்.