மாற்று உறுப்பினரின் உரிமைகள்: விதித் திருத்தத்திற்கு முன் சில எண்ணங்கள்

ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

ஆவணியில் நடந்த ஊருணிக் குழுக் கூட்டம் முடிவெடுக்காமல் கலைந்ததை அனைவரும் அறிவீர்கள். நம் ஊர்ச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளை உறுப்பினர் உடல்நலமின்றி இருந்ததால், அவர் வராதபோது அவர் இடத்தில் அமர வேண்டிய மாற்று உறுப்பினரான இளைஞர் ஒருவர் இணையவழியில் கலந்துகொண்டார். ஊரில் இரவு எட்டு மணி, அவருக்குப் பத்தரை. ஊருணியைத் தூர்வாரும் செலவு மதிப்பீடும் முந்தைய கூட்டத்தின் தீர்மானக் குறிப்பும் அவருக்கு அனுப்பப்படவே இல்லை. கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கையில் (கோரம்) அவரைச் சேர்க்கலாமா, அவருக்கு வாக்கு உண்டா என்று முக்கால் மணி நேரம் பேசி, கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டம் கூடுவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இதில் எவர்மீதும் குறை சொல்ல நான் விரும்பவில்லை. "கிளைகள் தலா ஒரு மாற்று உறுப்பினரை நியமிக்கலாம்" என்ற ஒற்றை வரிக்கு மேல் நம் விதியில் எதுவும் இல்லை என்பதுதான் குறை.

முதலில், மாற்று உறுப்பினரும் பதிலாளும் ஒன்றல்லர். இந்தியாவின் 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தில் இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது. பங்குதாரர் அனுப்பும் பதிலாளுக்குப் பொதுக்கூட்டத்தில் பேசும் உரிமை இல்லை. வாக்குச்சீட்டு முறையில் வாக்கெடுப்பு நடந்தால் மட்டுமே அவர் வாக்களிக்கலாம். மாற்று இயக்குநரோ அந்த நாற்காலியில் இயக்குநராகவே அமர்கிறார், தம் அறிவைக்கொண்டு முடிவெடுக்கிறார். அச்சட்டத்தின் 161-ஆம் பிரிவு, ஓர் இயக்குநர் குறைந்தது 3 மாதம் இந்தியாவில் இல்லாதபோது அவருக்கு மாற்று ஒருவரை இயக்குநர் குழு நியமிக்கலாம் என்கிறது. அவர் நாடு திரும்பியதும் மாற்றின் பதவி முடிந்துவிடும். ஒருவரே இரண்டு பேருக்கு மாற்றாக இருக்கவும் முடியாது. சங்கங்களை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என்றாலும், கடல் கடந்து வாழ்பவர்களை வைத்துக் குழு நடத்தும் நமக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி எனக்குத் தென்படவில்லை.

கூட்டத்தில் உறுப்பினரும் இருக்கும்போது மாற்று உறுப்பினர் என்ன செய்யலாம் என்பதில்தான் நம்மிடையே கருத்து வேறுபாடு அதிகம். இருவரும் பேசினால் ஒரு கிளைக்கு இரண்டு குரல் ஆகிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். இதற்குப் பன்னாட்டு நாணய நிதியத்தின் (IMF) நடைமுறை வழிகாட்டும். அதன் இயக்குநர் குழுவில் இந்தியா, இலங்கை, வங்கதேசம், பூடான் ஆகிய 4 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே செயல் இயக்குநர்தான். ஒவ்வொரு இயக்குநருக்கும் குறைந்தது ஒரு மாற்று உண்டு. இயக்குநர் இருக்கும்போது மாற்று கூட்டத்தில் பங்கேற்கலாம், வாக்களிக்க முடியாது. அவர் இல்லாதபோது முழு அதிகாரமும் மாற்றிடம் வந்துவிடுகிறது. துபாய், தோகா, மஸ்கட் மூன்றுக்கும் ஒரே இடம் வைத்திருக்கும் நமக்கும் இதுவே ஏற்றது. பேச்சையும் வாக்கையும் பிரித்துவிட்டால் அந்த அச்சத்திற்கு இடமில்லை. மேலும், ஆறு மாதம் வாய்மூடி இருந்தவரை ஒருநாள் இரவு திடீரென்று அழைத்து, இலட்சக்கணக்கான ரூபாய்ச் செலவுக்குக் கையுயர்த்தச் சொல்வது அவருக்கும் நியாயமன்று, ஊருக்கும் நல்லதன்று. எனவே உறுப்பினருக்குச் செல்லும் ஒவ்வொரு தாளும் அதே நாளில் மாற்றுக்கும் செல்ல வேண்டும். வாக்குரிமையைவிட இந்த உரிமையையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

உறுப்பினர் பாதியில் வந்து சேர்ந்தால் என்ன செய்வது என்று நியூ ஜெர்சியிலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருந்தார். அமெரிக்கக் கூட்டாட்சிக் குற்றவியல் வழக்குகளில், ஜூரிகள் (தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்படும் பொதுமக்கள்) கலந்தாய்வைத் தொடங்கிய பிறகு ஒருவருக்குப் பதிலாக மாற்று ஜூரர் வந்தால், கலந்தாய்வை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவர்கள் ஒரே வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் என்பதால் அது சரி. நம் கூட்டத்தில் விவாதப் பொருள்கள் தனித்தனியானவை. ஆகவே முடிந்த பொருள் முடிந்ததாகவே இருக்கட்டும், அடுத்த பொருளிலிருந்து வாக்கு உறுப்பினரிடம் திரும்பட்டும்.

மாற்றைக் கிளைதான் தேர்ந்தெடுக்க வேண்டும். உறுப்பினரே தம் மைத்துனரையோ பங்காளியையோ குறிப்பிடும் வழக்கம் தொடர்ந்தால் அந்த இடம் ஒரு வீட்டுக்குரியதாகிவிடும். பொருளாளர் இல்லாதபோது அவருடைய மாற்று குழுவில் வாக்களிக்கலாம். காசோலையில் கையெழுத்திட முடியாது, ஏனெனில் மாற்று என்பது உறுப்பினர் இடத்திற்கே அன்றிப் பதவிக்கு அன்று. உறுப்பினரின் காலம் முடிந்தால் மாற்றின் காலமும் முடியும்.

விதித் திருத்தத்தைத் தை மாதப் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானமாக நிறைவேற்றி, பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். அதுவரை காத்திராமல், மழை ஓய்ந்தபின் தயாராகும் புதிய மதிப்பீட்டைச் சிங்கப்பூர் மாற்று உறுப்பினருக்கும் அனுப்பிவைக்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.