அட்டையில் 35 சென்ட் என்றிருந்தால் போதுமா?

அருண்: சித்தப்பா, அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்டார் வார்ஸ்’ காமிக்ஸின் முதல் இதழ் இணையத்தில் விற்பனைக்கு வந்திருக்கிறது. அட்டையில் 35 சென்ட் என்று இருப்பதால் மிக அரிதான பிரதி என்று விற்பவர் எழுதியிருக்கிறார். அவர் போட்ட படத்தை இங்கே அனுப்பியிருக்கிறேன். நாளைக்குள் பணம் கட்ட வேண்டுமாம். அதற்குமுன் நீங்கள் பார்த்துச் சொன்னால் நல்லது.

சித்தப்பா: பணத்தை இப்போது கட்டாதே. 1977-இல் அந்த இதழின் விலை 30 சென்ட். விலையை ஏற்றினால் விற்பனை எப்படியிருக்கும் என்று சோதித்துப் பார்க்க, மார்வெல் சில இடங்களுக்கு மட்டும் 35 சென்ட் விலையிட்ட பிரதிகளை அனுப்பியது. முதல் நான்கு இதழ்களில் அப்படிப்பட்ட பிரதிகள் உண்டு. சேகரிப்பாளர்கள் தேடி அலைவது அவற்றைத்தான். ஆனால் இதே இதழ்களுக்கு மறுபதிப்புகளும் வந்தன, அவற்றிலும் 35 சென்ட் என்று அச்சான பிரதிகள் இருக்கின்றன. ஆகவே விலையை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது, அந்த விலையைச் சுற்றியிருக்கும் கட்டத்தைப் பார்க்க வேண்டும்.

அருண்: கட்டத்தில் அப்படி என்ன வித்தியாசம் இருக்கிறது?

சித்தப்பா: அரிய பிரதியில் விலை சதுரக் கட்டத்துக்குள் இருக்கும், அட்டையில் பார்கோடும் அச்சாகியிருக்கும். மறுபதிப்புகளில் பலவற்றில் விலையும் இதழ் எண்ணும் சாய்சதுரத்துக்குள் இருக்கும், பார்கோடு இருக்காது. வேறு சிலவற்றில் அட்டையின் இடது மேல் மூலையிலோ உள்ளேயோ ‘ரீபிரின்ட்’ என்றே அச்சிட்டிருப்பார்கள். நீ அனுப்பிய படத்தில் விலை இருக்கும் இடத்தில் பிளாஷ் வெளிச்சம் அடித்துக் கட்டத்தின் ஓரங்கள் மறைந்திருக்கின்றன, கீழே பார்கோடு இருக்க வேண்டிய மூலையில் விற்பவரின் கட்டைவிரல் இருக்கிறது. தற்செயலாக நடந்ததாகவும் இருக்கலாம். இருந்தாலும், பார்க்க வேண்டிய இரண்டு இடங்களும் ஒரே படத்தில் மறைந்துபோயிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வெயில் நேராக விழாத ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், முன்னட்டை முழுவதும் தெரியும்படி இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல்.

அத்தை: கதை ஒன்று, படங்கள் ஒன்று, விலையில் ஐந்து சென்ட்தான் வித்தியாசம். இதற்காக ஒருவர் அத்தனை பணத்தைக் கொட்டுகிறார் என்றால் என்னால் நம்ப முடியவில்லை, தம்பி.

சித்தப்பா: நியாயமான கேள்விதான், அக்கா. அந்த ஐந்து சென்டில் படிப்பதற்கு எதுவும் இல்லை. பிரதிகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம், அவ்வளவுதான். படிப்பதற்குத்தான் வேண்டும் என்றால் மறுபதிப்பே போதும் என்று நானும் சொல்வேன். ஆனால் அந்தக் காமிக்ஸைக் கையில் வைத்துப் படிப்பதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. 1977 மே மாதம் ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படம் வெளிவருவதற்கு முன்பே முதல் இதழ் கடைக்கு வந்துவிட்டது; எழுதிய ராய் தாமஸும் வரைந்த ஹோவர்ட் சேக்கினும் முடிந்த படத்தைப் பார்த்துவிட்டு வேலை செய்யவில்லை, திரைக்கதையையும் கிடைத்த புகைப்படங்களையும் வைத்துக்கொண்டுதான் செய்தார்கள். அதனால் படத்தில் வெட்டப்பட்ட காட்சிகள் காமிக்ஸில் அப்படியே தங்கிவிட்டன. கதாநாயகன் லூக் தன் நண்பன் பிக்ஸை ஊரில் சந்திக்கும் காட்சியை முதல் இதழில் பார்க்கலாம்.

மீனா அக்கா: கடத்தல் கும்பலின் தலைவன் ஜப்பாவை மறந்துவிட்டீர்களே, சித்தப்பா. காமிக்ஸில் அவன் இரண்டு கால்களில் நடமாடும் மஞ்சள் நிற வேற்றுக்கிரகவாசியாக வருவான். 1983-இல் வெளிவந்த படத்தில்தான் நாம் அறிந்த அந்தப் பெரிய நத்தை உருவம் வந்தது. அதுவரை காமிக்ஸ் படித்தவர்களுக்கு மஞ்சள் ஜப்பாதான் ஜப்பா.

சித்தப்பா: ஆமாம். முதல் ஆறு இதழ்களில் படத்தின் கதை முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு அவர்களே புதுக் கதை எழுத வேண்டியிருந்தது. எட்டாம் இதழில் ஜாக்சன் என்ற பச்சை முயலைக் கொண்டுவந்தார்கள். அந்த முயலைப் பிடிக்காத வாசகர்கள் ஏராளம், எனக்கு ஏனோ பிடிக்கும். 1986-இல் தொடர் நின்றபோது 107 இதழ்கள் வந்திருந்தன. எல்லாவற்றையும் வாங்க வேண்டும் என்று கிளம்பியவர்கள் பலர் பாதியில் களைத்துப் போவார்கள், அருண். முதல் ஆறை மட்டும் நல்ல நிலையில் சேர்த்தாலே அது முழுமையான ஒரு தொகுப்பு.

மீனா அக்கா: எனக்குக் காமிக்ஸைவிட நாவல்கள்மேல்தான் ஆசை. முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ நாவலின் பழைய பேப்பர்பேக் கிடைத்தால் அது முதல் பதிப்புதான் என்று எப்படி உறுதி செய்வது?

சித்தப்பா: பதிப்புரிமைப் பக்கத்தைத் திற. முதல் பதிப்பு 1976 டிசம்பர் என்று அங்கே இருக்க வேண்டும், அதாவது படத்துக்கு ஐந்து மாதம் முன்பு. ஆனால் அந்த வரியைப் பார்த்ததும் நின்றுவிடக் கூடாது; பிறகு வந்த அச்சுகளிலும் அந்த வரி இருக்கும், அதன் கீழே எத்தனையாவது அச்சு என்ற விவரமும் சேர்ந்திருக்கும். அட்டையில், படத்துக்கான மாதிரி ஓவியங்களை வரைந்த ரால்ப் மெக்குவாரியின் ஓவியம் இருக்கும். ஆசிரியர் பெயர் ஜார்ஜ் லூகாஸ் என்றிருந்தாலும் எழுதியவர் ஆலன் டீன் பாஸ்டர். அவர் தன் பெயரிலேயே 1978-இல் இன்னொரு நாவலும் எழுதினார். முதல் படம் சரியாக ஓடாவிட்டால் குறைந்த செலவில் அடுத்த படமாக எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று திட்டமிட்ட கதை அது. முதல் படத்தின் நாயகர்களில் ஒருவனான ஹான் சோலோவாக நடித்த ஹாரிசன் போர்டு அடுத்த படத்துக்கு அப்போது ஒப்பந்தமாகியிருக்கவில்லை, அதனால் ஹான் சோலோ அதில் வரவே மாட்டான்.

மீனா அக்கா: 2014-இல் பழைய நாவல்களையெல்லாம் ‘லெஜண்ட்ஸ்’ என்று பெயரிட்டு அதிகாரபூர்வக் கதையிலிருந்து ஒதுக்கிவிட்டார்களே, இனி அவற்றைச் சேர்ப்பதில் பொருள் இருக்கிறதா?

சித்தப்பா: தாராளமாகச் சேர்க்கலாம். டிமதி ஸான் 1991-இல் எழுதிய நாவலில் அறிமுகமான த்ரான் என்ற பாத்திரத்தை, ஒதுக்கியவர்களே பிறகு தங்கள் கதைக்குள் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். நல்ல எழுத்தை முத்திரை குத்தி ஒதுக்க முடியாது.

அருண்: அப்படியே பொம்மைகளைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். படத்தில் வரும் குள்ள வேற்றுக்கிரகவாசியான ஜாவாவின் பொம்மை, பிளாஸ்டிக் அங்கி போட்டது, விற்பவரிடம் ஒன்று இருக்கிறதாம்.

சித்தப்பா: அந்தப் பக்கமே போகாதே. கென்னர் நிறுவனம் முதலில் ஜாவாவுக்கு வினைல் அங்கி போட்டது, பிறகு துணி அங்கிக்கு மாறியது. வினைல் அங்கி அரிதாகிவிட்டதால் ஓபி-வான் என்ற இன்னொரு பாத்திரத்தின் பொம்மை அங்கியை வெட்டி ஜாவாவுக்கு மாட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். பொம்மைகளோடு வரும் குட்டித் துப்பாக்கிகளைத் தண்ணீரில் போட்டு மிதந்தால் அசல் என்பார்கள், அதையும் நம்பாதே, மிதக்கும் போலிகளும் உண்டு. 1977 கிறிஸ்துமஸுக்குப் பொம்மைகள் தயாராகாததால் பொம்மைகளைப் பிறகு அனுப்புவதாகச் சொல்லும் சான்றிதழ் வைத்த உறையைக் கென்னர் விற்றது, அடுத்த ஆண்டுதான் பொம்மைகள் தபாலில் போய்ச் சேர்ந்தன. அந்த வெற்று உறைக்கும் இன்று சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள் என்றால், பொம்மை உலகத்தைப் பற்றி வேறென்ன சொல்ல.

மீனா அக்கா: அருண், எதை வாங்கினாலும் பிவிசி உறைக்குள் போட்டுவிடாதே. அது நாளடைவில் கசிந்து அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரோப்பிலீன் உறை போதும், விலை உயர்ந்த பிரதி என்றால் மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறை நல்லது. பின்னால் வைக்கும் அட்டை அமிலமற்றதாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் காலத்துக் காமிக்ஸ்களின் உள்பக்கங்கள் செய்தித்தாள் வகைக் காகிதம், தானாகவே பழுப்பேறிக்கொண்டிருக்கும்.

அருண்: விற்பவர் புதிய படம் அனுப்பிவிட்டார். விலை சாய்சதுரத்துக்குள் இருக்கிறது, பார்கோடு இல்லை.

சித்தப்பா: அப்படியானால் அது மறுபதிப்பு. நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று அவரிடம் மரியாதையாகச் சொல், மறுபதிப்புக்கு உரிய விலையைக் கேள். முதல் ஒன்பது இதழ்களுக்கும் மறுபதிப்பு உண்டு என்பதால், அவரிடம் ஆறாம் இதழ்வரை இருக்கிறதா என்றும் விசாரி.

அருண்: ஐந்து இதழ்கள் இருக்கின்றனவாம், மூன்றாம் இதழ் மட்டும் இல்லை. விலையைப் பாதிக்கும் மேல் குறைத்துக்கொள்கிறார். படிப்பதற்குத்தானே, வாங்கிவிடலாமா?

சித்தப்பா: வாங்கு. பணம் கட்டுவதற்கு முன் ஒவ்வொன்றின் நடுப்பக்கத்தையும் விரித்துப் படமெடுத்து அனுப்பச் சொல். பின்கள் துருப்பிடித்திருந்தால் அந்த இடத்தில் காகிதம் கிழிந்து அட்டை தனியாக வந்துவிடும்.