மறுமொழி: கேன்சர் சர்வைவர்ஷிப் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

புற்றுநோயோடும் அதற்குப் பின்னும் வாழ்கிற வாழ்வுதான் கேன்சர் சர்வைவர்ஷிப், அப்படி வாழ்கிறவர் சர்வைவர். அந்த ஆளைக் குறிக்க இந்த இழையில் இதுவரை வந்தவை உயிர்தப்பியோர், பிழைத்தோர், மீண்டோர், வென்றோர். நான்கிலும் ஒரே கோளாறுதான், எல்லாமே இறந்தகாலம். உயிர்தப்பியோர் பேருந்து கவிழ்ந்த செய்திக்குச் சரி. பிழைப்பு என்றாலோ எங்கள் பக்கம் வயிற்றுப்பாடு, ‘நல்ல பொழப்புடா இது’ என்ற குரல்தான் காதில் விழுகிறது. வென்றோர் எனக்கு அறவே பிடிக்கவில்லை, அப்படியானால் இறந்துபோனவர் தோற்றவரா?

சர்வைவர் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஃபிட்ஸ்ஹியூ மல்லன் என்ற அமெரிக்க மருத்துவருக்கு 1975-இல், 32 வயதில், நெஞ்சுக்கூட்டுக்குள் புற்றுநோய் வந்தது. பத்தாண்டு கழித்து, 1985-இல், நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் அதைப் பற்றி எழுதினார். குணமாயிற்று, ஆகவில்லை என்று இரண்டே கட்டங்களில் அடைத்தால் நோயாளி படுகிற பாடு அதில் அடங்காது என்று சொல்லி, மூன்று பருவங்களாகப் பிரித்தார். நோய் தெரிந்து சிகிச்சை நடக்கிற கடும் பருவம், சிகிச்சை முடிந்தும் திரும்ப வந்துவிடுமோ என்று அஞ்சிக்கொண்டே இருக்கிற பருவம், அப்புறம் ஓரளவு நிலைபெற்ற பருவம். நீரில் மூழ்கியவரை இழுத்துப்போட எத்தனையோ உத்தி கற்றுவிட்டு, கரையில் அவர் தனியாக இருமிக்கொண்டு கிடக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம் என்ற கருத்தும் அதில் உண்டு. அடுத்த ஆண்டே அவரும் சிலரும் சேர்ந்து நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் தொடங்கிய கூட்டமைப்பு, நோய் கண்டறியப்பட்ட நேரத்திலிருந்து ஆயுள் முடியும்வரை ஒருவர் சர்வைவர்தான் என்று வரையறுத்தது. அதற்கு முன்பெல்லாம் ஐந்து ஆண்டு நோயில்லாமல் கழிந்தால்தான் அந்தப் பெயர்.

ஆக, நேற்று பயாப்சி (திசுப் பரிசோதனை) முடிவில் புற்றுநோய் என்று தெரிந்தவருக்கும் பொருந்துகிற சொல் வேண்டும். ‘மீண்டோர்’ அங்கேயே அடிபட்டுப்போகிறது.

நான் முதலில் ‘உய்வாழ்வு’ என்று குறித்து வைத்திருந்தேன். என் அத்தைக்கு மார்பில் அறுவை நடந்து ஆறு வருடம் ஆகிறது. வலது கையில் நிணநீர் வீக்கம், இறுக்கமான உறை மாட்டிக்கொண்டுதான் அடுப்படியில் நிற்பார், குடம் தூக்குவதெல்லாம் இடது கைதான். அவரிடம் சொல்லிப் பார்த்தேன். “உய்வா? தேவாரம் மாதிரி இருக்குடா” என்றார். சரி, மீண்டவர் என்று சொல்லலாமா என்றேன். “எங்க மீண்டேன்? செக்கப் மாசம் வந்தா தூக்கம் போயிடுது.” மல்லனின் இரண்டாம் பருவத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கிவிட முடியாது.

சர்வைவர்ஷிப்புக்கு இந்த இழையில் ஒருவர் ‘மீள்வாழ்வு’ என்றிருந்தார். ஓசை நன்றாக இருக்கிறது, ஆனால் மறுவாழ்வு மையம் நினைவுக்கு வருகிறது. தவிர, நோய் பரவி, இனி முழுதாகப் போகாது என்று தெரிந்தும் மருந்தோடு வருடக்கணக்கில் வாழ்கிறவரிடம் எதிலிருந்து மீள்கிறீர்கள் என்று கேட்க முடியுமா?

என் முன்மொழிவு ‘தொடர்வாழ்வு’. ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை. தொடர்ந்த, தொடர்கிற, தொடரும் வாழ்வு என்று மூன்று காலமும் உள்ளே கிடக்கிறது, கண்டறிந்த நாள் முதல் கடைசிவரை என்ற வரையறைக்கு அப்படியே உட்காருகிறது. ஆளைக் குறிக்கத் தொடர்வாழ்வோர்.

இன்னொன்று, சர்வைவர்ஷிப் பேச்சில் கூடவே வரும் குவாலிட்டி ஆஃப் லைஃபுக்கு ‘வாழ்க்கைத் தரம்’ என்று போடாதீர்கள். அது சம்பளம், வீடு, வண்டி என்று பொருளாதாரப் பக்கம் போய்விடுகிறது. 1993-இல் வெளிவந்த கியூ.எல்.கியூ-சி30 என்ற, புற்றுநோயாளிகளின் குவாலிட்டி ஆஃப் லைஃபை அளக்கிற ஐரோப்பியப் படிவத்தில் 30 கேள்விகள், முதல் கேள்வியே கனமான பையோ பெட்டியோ தூக்கச் சிரமப்படுகிறீர்களா என்பதுதான். அத்தை வீட்டில் அது குடம். பணக் கஷ்டமும் கேட்கிறார்கள், ஆனால் ஒரே கேள்வி. கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் புற்றுநோய் மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஆய்வு செய்யும் பெட்டி ஃபெரல் குவாலிட்டி ஆஃப் லைஃபை உடல், மனம், சமூகம், ஆன்மிகம் என்று நான்காகப் பார்க்கிறார். இத்தனையையும் தரம் தாங்காது, ‘வாழ்நலம்’ தாங்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. ‘புற்றுநோய்த் தொடர்வாழ்வு’ என்று சேர்த்துச் சொன்னால், நோய் தொடர்கிற மாதிரி உங்கள் காதில் விழுகிறதா? எனக்கு லேசாக விழுகிறது. நடுவில் இருக்கிற ‘த்’ என்ற ஒற்றெழுத்தை எடுத்துவிட்டால் இன்னும் மோசம். இலக்கணம் தெரிந்தவர்கள் ஒரு வழி சொல்லுங்கள்.