கன்னம் ஒட்டிப்போச்சு, தாடையும் தொங்குது: ஃபில்லரா, ஃபேஸ்லிஃப்டா?

கோத்தகிரிக்காரி:
எனக்கு 56 வயசு. வருஷக்கணக்கா தேயிலைத் தோட்டத்துல வெயில்ல நின்னு வேலை பாத்தவ. சுகருக்காக எடை குறைச்சதுல கன்னம் குழி விழுந்துருச்சு, தாடை ஓரம் தொங்குது, கழுத்தும் தொளதொளன்னு ஆயிருச்சு. கோயமுத்தூர்ல ஒரு டாக்டர் ஊசி போட்டுக் குழியை நிரப்பற ஃபில்லரே போதும்ங்கறாரு, இன்னொருத்தர் தொங்கறத இழுத்துத் தைக்கற ஃபேஸ்லிஃப்ட் ஆபரேஷன் பண்ணுங்கன்றாரு. இந்த வயசுல எதுக்கும்மான்னு மக கேக்கறா, ஆனா எனக்கு ஆசையா இருக்குங்க. எதைச் செய்யறது?

குன்னூர் வாசி:
அக்கா, ஆசைப்படறதுல ஒரு தப்பும் இல்ல. கன்னம் ஒட்டறது உள்ள கொழுப்பு கரையறதால, வயசாக ஆக முக எலும்பும் கொஞ்சம் தேயும், அங்க நிரப்பலாம். தாடையும் கழுத்தும் அப்படி இல்ல, அது தளர்ச்சி. பஞ்சு குறைஞ்ச தலகாணிக்குப் பஞ்சு வைக்கலாம், உறையே பெருசாயிட்டா உறையைத்தான் பிடிச்சுத் தைக்கணும். தொங்கறத மறைக்க மேல மேல ஃபில்லர் ஏத்துனா மூஞ்சி உப்பிப்போயிரும். மல்லாக்கப் படுத்து கண்ணாடி பாருங்க, தாடை நேரானா அது லிஃப்ட் சமாச்சாரம், அப்பவும் குழியா இருக்கற இடம் நிரப்பற சமாச்சாரம்.

ஊட்டி நர்ஸ்:
லிஃப்ட்ல தோலை மட்டும் இழுக்கறதில்ல, அடியில ஸ்மாஸ்னு ஒரு படலம் இருக்கு, அதையும் தூக்கிக் கட்டறாங்க, அதான் பல வருஷம் நிக்குது. ஹையலூரானிக் ஆசிட்ங்கற ஜெல்லை வைக்கற ஃபில்லர் பெரும்பாலும் 6லருந்து 18 மாசம்தான் நிக்கும். அதே ஆபரேஷன்ல தொடைக் கொழுப்பை எடுத்துக் கன்னத்துல வைக்கறதும் உண்டு, அதுல ஒரு பங்கு கரைஞ்சுதான் போகும். எடை ஒரு அளவுல நிக்கட்டும், சுகரும் பிபியும் கட்டுக்குள்ள வரட்டும், அப்பறம் தேதி வாங்குங்க. எதைச் செஞ்சாலும் அன்னிக்கே மலை ஏறிராதீங்க. லிஃப்டுக்கு அப்பறம் உள்ள ரத்தம் கட்டறது முதல் 24 மணி நேரத்துலதான் அதிகம். ஃபில்லர் ரத்தக்குழாயை அடைச்சா தோல் வெளுக்கும், வலிக்கும், அபூர்வமா பார்வையே போயிரும், உடனே அந்த ஜெல்லைக் கரைக்கற ஹையலூரானிடேஸ் ஊசி போடணும், அந்த நேரத்துல நீங்க கொண்டை ஊசி வளைவுல நின்னா என்ன பண்ணுவீங்க? ஊசி போடறவங்ககிட்ட அந்த மருந்து கையில இருக்கான்னு முன்னாடியே கேளுங்க.

கோத்தகிரிக்காரி:
படுத்துப் பாத்தேங்க, தாடை சரியாகுது, கன்னக்குழி அப்படியேதான் இருக்கு. அப்ப ரெண்டும் சேத்தே கேக்கறேன். வெயிலுக்கு என்ன செய்ய?

குன்னூர் வாசி:
ஆயிரம் மீட்டர் ஏறுனா புற ஊதாக்கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், குளிருதேன்னு நாமதான் கண்டுக்கறதில்ல. மேகம் இருந்தாலும் எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கற அளவு, டப்பாலயே போட்டிருக்கும்) 30க்கு மேல இருக்கற சன்ஸ்கிரீன் போடுங்க, கழுத்துக்கும் சேத்து.