கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் ஸ்டீம் பரிமாற்றங்கள் வேறு கணக்குக்குப் போகின்றன: உதவி தேவை

வைகைக்கரையான் | சனிக்கிழமை, காலை 10.12

அனைவருக்கும் வணக்கம். கணினி விளையாட்டுத் தளமான ஸ்டீமில் உள்ள என் கணக்கிலிருந்து, விளையாட்டுப் பொருள்களைக் கைமாற்ற நான் அனுப்பும் பரிமாற்றக் கோரிக்கைகள் சில நொடிகளில் தாமாகவே ரத்தாகின்றன. ரத்தானவுடன், நான் அனுப்பியவரின் அதே பெயரும் அதே படமும் கொண்ட வேறொரு கணக்கோடு புதிய கோரிக்கை ஒன்று முளைத்துவிடுகிறது. கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். கணினியை வைரஸ் தடுப்பு மென்பொருளால் இரண்டு முறை அலசியும் எதுவும் அகப்படவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எங்கே தவறினேன் என்பதைத் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

சென்ற ஞாயிறு இரவு என் பள்ளித் தோழனின் கணக்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. தன் கவுன்டர்-ஸ்ட்ரைக் (துப்பாக்கிச் சண்டை விளையாட்டு) அணி ஒரு போட்டிக்குத் தேர்வாக இன்னும் சில வாக்குகளே தேவை என்றும், ஒரு நிமிடம் ஒதுக்கி வாக்களிக்கும்படியும் கேட்டு ஓர் இணைப்பைக் கொடுத்திருந்தான். திறந்த பக்கத்தில் அணிகளின் சின்னங்கள், வாக்கு எண்ணிக்கை எல்லாம் முறையாகவே இருந்தன. ஸ்டீம் மூலம் உள்நுழையும் பொத்தானை அழுத்தியதும் ஒரு சிறு சாளரம் திறந்தது. அதன் முகவரிப் பட்டியில் ஸ்டீமின் சரியான முகவரியும் பூட்டுச் சின்னமும் இருந்ததைப் பார்த்தேன். அதிலிருந்த கியூஆர் குறியைக் கைப்பேசியின் ஸ்டீம் செயலியால் ஸ்கேன் செய்து ஒப்புதல் கொடுத்தேன். வாக்குக்கு நன்றி என்று வந்தது, அவ்வளவுதான். மறுநாள் காலை செயலியில் இன்னோர் உறுதிப்படுத்தல் வந்தது. பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நின்றிருந்ததால் அதைப் படிக்காமலேயே ஒப்புதலை அழுத்திவிட்டேன்.

செவ்வாய் இரவு, மதுரையில் இருக்கும் பெரியப்பா மகனுக்கு அந்த விளையாட்டில் என்னிடமிருந்த கத்தி ஒன்றை அனுப்பினேன். சந்தை விலைப்படி ஏறத்தாழ 14,000 ரூபாய் பெறும். கைப்பேசியில் அண்ணனின் பெயரும் படமும்தான் தெரிந்தன, உறுதி செய்தேன். அண்ணனுக்கு எதுவும் வந்து சேரவில்லை. பரிமாற்ற வரலாற்றில் அந்தப் பெயரை அழுத்தினால் முன்பின் தெரியாத ஒரு கணக்கு திறக்கிறது. அன்றே கடவுச்சொல்லை மாற்றினேன். நேற்று சோதனைக்காக ஒரு மலிவான ஸ்டிக்கரை அனுப்பிப் பார்த்தபோது மீண்டும் அதே கதை நடந்தது. இம்முறை உறுதி செய்யாமல் நிறுத்திவிட்டேன்.

கைப்பேசியில் ஏதாவது புகுந்திருக்கிறதா? கணினியை ஃபார்மட் செய்ய வேண்டுமா? கத்தியைத் திரும்பப் பெற ஏதேனும் வழி உண்டா?

பழைய பூட்டு | சனிக்கிழமை, காலை 10.47

ஃபார்மட் செய்ய வேண்டாம். நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால் உங்கள் கணினியில் யாரும் இல்லை. உங்கள் கணக்கில்தான் இருக்கிறார்கள்.

முதலில் அந்தச் சாளரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் முகவரியைப் பார்த்துத்தான் நம்பினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையான சாளரமே அல்ல. வலைப்பக்கத்துக்கு உள்ளேயே வரையப்பட்ட ஒரு சித்திரம்; முகவரிப் பட்டி, பூட்டு, மூடும் பொத்தான் எல்லாமே படம்தான். 2022 முதல் இந்த உத்தி பரவலாகப் பேசப்பட்டு வருகிறது. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: அந்தச் சாளரத்தின் மேல்விளிம்பைப் பிடித்து உலாவியின் எல்லைக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். உண்மையான சாளரம் திரை முழுவதும் எங்கு வேண்டுமானாலும் நகரும். போலியானது சுவரில் முட்டிய பல்லியைப் போல உலாவியின் ஓரத்தில் நின்றுவிடும்.

ஆனால் அதிலிருந்த கியூஆர் குறி உண்மையானது. மோசடிக்காரனின் கணினி ஸ்டீமிடம் உள்நுழைவு கேட்டு, ஸ்டீம் அதற்குக் கொடுத்த குறியை அப்படியே உங்கள் முன் வைத்திருக்கிறது. நீங்கள் ஸ்கேன் செய்து ஒப்புதல் அளித்தபோது, உங்கள் கடவுச்சொல் தேவையே இல்லாமல் அவனுடைய கணினி உங்கள் கணக்குக்குள் நுழைந்துவிட்டது. ஒப்புதல் கேட்கும் திரையில் எந்தக் கருவி, எந்தப் பகுதியிலிருந்து உள்நுழைகிறது என்ற குறிப்பு இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை, நான் உட்பட.

இப்போது உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். பேருந்தில் நின்றபடி நீங்கள் அளித்த ஒப்புதல், பெரும்பாலும், உங்கள் பெயரில் ஒரு ஏபிஐ சாவி உருவாக்குவதற்கானதாக இருக்கும். மென்பொருள் எழுதுபவர்கள் தம் நிரல்களின் வழியே ஸ்டீமோடு பேசுவதற்காக ஏற்பட்ட வசதி அது. அந்தச் சாவியை வைத்திருப்பவர் உங்களுக்கு வரும், உங்களிடமிருந்து போகும் பரிமாற்றக் கோரிக்கைகளைப் பார்க்கவும் ரத்து செய்யவும் முடியும். நீங்கள் அண்ணனுக்குக் கத்தியை அனுப்பிய நொடியில் ஒரு நிரல் அதைக் கவனித்து ரத்து செய்திருக்கிறது. தன் கணக்கின் பெயரையும் படத்தையும் உங்கள் அண்ணனுடையதைப் போல மாற்றிக்கொண்டு அதே கத்தியைக் கேட்டு வேறு கோரிக்கையை உருவாக்கியிருக்கிறது. கைப்பேசியில் நீங்கள் உறுதி செய்தது அந்த இரண்டாவது கோரிக்கையைத்தான். கடவுச்சொல்லை மாற்றுவதால் இந்தச் சாவி செல்லாததாகிவிடாது. வாசல் கதவின் பூட்டை மாற்றிவிட்டு, கொல்லைப்புறச் சாவியை அவன் சட்டைப்பையிலேயே விட்டுவைத்தது போன்ற நிலை இது.

செய்ய வேண்டியதை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். ஸ்டீம் சமூகத் தளத்தின் முகவரியை நீங்களே கையால் தட்டச்சு செய்து, டெவலப்பர்களுக்கான ஏபிஐ சாவிப் பக்கத்துக்குச் செல்லுங்கள். தேடுபொறியில் தேடி முதலில் வரும் விளம்பரத்தை அழுத்த வேண்டாம். அங்கே நீங்கள் உருவாக்காத சாவி இருந்தால் அதை நீக்குங்கள். பின்னர் கணக்கு அமைப்புகளில் அனுமதி பெற்ற கருவிகளின் பட்டியலைத் திறந்து எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றுங்கள். சாவியை நீக்குவது மட்டும் போதாது, ஏனெனில் உள்நுழைந்த இணைப்பு உயிரோடு இருந்தால் சாவி இல்லாமலும் இதே வேலையைச் செய்ய முடியும். அதன்பின் கடவுச்சொல்லை மீண்டும் ஒருமுறை மாற்றுங்கள். கடைசியாக, ஸ்டீமுடன் இணைத்துள்ள மின்னஞ்சல் கணக்கில் தெரியாத ஃபார்வர்டு முகவரியோ வடிகட்டியோ இருக்கிறதா என்று பாருங்கள்.

வைகைக்கரையான் | சனிக்கிழமை, காலை 11.20

ஐயா, சாவி இருக்கிறது. டொமைன் பெயர் என்ற இடத்தில் ஐந்தாறு எழுத்துகள் பொருளில்லாமல் நிற்கின்றன. நான் உருவாக்கியதே இல்லை. நீக்கிவிட்டேன். கருவிகள் பட்டியலில் என் கணினி, என் கைப்பேசி தவிர மூன்றாவதாக ஒன்றும் இருந்தது, எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டேன். கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன். மின்னஞ்சலில் குறை ஒன்றும் இல்லை.

இன்னொரு செய்தி. இந்த இழையைப் பார்த்ததாகச் சொல்லி ஒருவர் எனக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். தாம் ஸ்டீம் உதவிப் பிரிவைச் சேர்ந்தவர் என்றும், மீதமுள்ள பொருள்களைச் சரிபார்ப்புக்காக ஒரு கணக்குக்குத் தற்காலிகமாக மாற்றினால் கத்தியையும் சேர்த்து மீட்டுத் தருவதாகவும், பேச்சை டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் தொடரலாம் என்றும் எழுதியிருக்கிறார். நம்பலாமா?

நெறியாளர் | சனிக்கிழமை, காலை 11.31

நம்ப வேண்டாம். அந்தக் கணக்கை நீக்கிவிட்டோம். ஸ்டீம் உதவிப் பிரிவினர் அரட்டையிலோ டிஸ்கார்டிலோ யாரையும் அணுகுவதில்லை. சரிபார்ப்பதற்காகப் பொருள்களை மாற்றச் சொல்வதும் இல்லை. பொருளை இழந்ததாக யார் இழை தொடங்கினாலும் ஒரு மணி நேரத்துக்குள் இப்படி ஒருவர் வந்துவிடுகிறார். முன்பணமாக யூபிஐயில் இரண்டாயிரம் மூவாயிரம் கேட்கும் வகையினரும் உண்டு.

தோல்வியறியான் | சனிக்கிழமை, பகல் 12.05

கத்தி திரும்பக் கிடைக்க வாய்ப்பிருக்கிறது, நம்பிக்கை இழக்க வேண்டாம். முன்பெல்லாம் இப்படிப் போன பொருளை ஸ்டீம் திருப்பித் தருவதில்லை என்பதே நடைமுறை. 2025 ஜூலையில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 பொருள்களுக்கு மட்டும் பரிமாற்றப் பாதுகாப்பு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். கைமாறிய பொருள் 7 நாள்களுக்குப் பாதுகாப்பில் இருக்கும். அதுவரை புதிய கணக்குக்காரர் அதை விற்கவோ மாற்றவோ வேறொருவருக்கு அனுப்பவோ முடியாது. ஆகவே உங்கள் கத்தி இன்னமும் அவனுடைய சரக்குப் பெட்டியிலேயே அசையாமல் கிடக்கிறது. செவ்வாயன்று போனது என்பதால் உங்களுக்கு நாள் இருக்கிறது. பரிமாற்ற வரலாற்றுப் பக்கத்தில் திருப்பி எடுக்கும் வசதி இருக்கும், இப்போதே செய்துவிடுங்கள்.

இரண்டு விளைவுகளை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். குறிப்பிட்ட ஒரு பரிமாற்றத்தை மட்டும் தேர்ந்தெடுத்துத் திருப்ப முடியாது. பாதுகாப்புக் காலத்தில் உள்ள உங்கள் பரிமாற்றங்கள் அனைத்தும் திரும்பும். அதன்பின் 30 நாள்களுக்கு உங்கள் கணக்கில் பரிமாற்றமும் சந்தையும் முடக்கப்படும்.

வைகைக்கரையான் | சனிக்கிழமை, பகல் 12.40

இங்கேதான் ஒரு சங்கடம். ஞாயிறு காலை, அதாவது இந்த மோசடிக்கு முன்பே, கல்லூரியில் எனக்கு ஓராண்டு இளையவனான ஒரு தம்பியிடம் என் கையுறையைக் கொடுத்து அவனுடைய துப்பாக்கித் தோல் (ஸ்கின், விளையாட்டுத் துப்பாக்கிக்கான அலங்காரம்) ஒன்றை வாங்கினேன். நியாயமான பரிமாற்றம். இப்போது எல்லாவற்றையும் திருப்பினால் அவனுடைய கையுறையும் போய்விடும். நான் ஏமாற்றிவிட்டதாகத்தானே அவன் நினைப்பான்?

பழைய பூட்டு | சனிக்கிழமை, பிற்பகல் 1.15

அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. தோல்வியறியானோடு இந்த ஓர் இடத்தில் வேறுபடுகிறேன். தம்பியோடு நீங்கள் செய்த பரிமாற்றம் கத்தி போனதற்கு இரண்டு நாள் முந்தையது. அதன் பாதுகாப்புக் காலம் முதலில் முடியும். முடிந்ததும் அந்தப் பரிமாற்றம் உறுதியாகிவிடும், அதன்பின் நீங்கள் திருப்பினாலும் அதைத் தொடாது. கத்திக்கான காலம் அப்போதும் மிச்சமிருக்கும். வாங்கிய துப்பாக்கித் தோலின் விவரத்தைத் திறந்தால் பாதுகாப்பு எப்போது முடிகிறது என்று எழுதியிருக்கும். அது முடிந்த பிறகு திருப்புங்கள்.

தோல்வியறியான் | சனிக்கிழமை, பிற்பகல் 1.30

கணக்கு சரியாகத்தான் வரும், ஆனாலும் நான் காத்திருக்க மாட்டேன். இடையில் மின்சாரம் இல்லை, இணையம் இல்லை, மறந்துவிட்டது என்று ஏதாவது நடந்து கத்திக்கான காலமும் கடந்துவிட்டால் யாரைக் கேட்பது? தம்பியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு இன்றே திருப்பினால், 30 நாள் கழித்து அதே பொருள்களை மீண்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பழைய பூட்டு | சனிக்கிழமை, பிற்பகல் 1.48

சாவியும் வேற்றுக் கருவியும் ஒழிந்துவிட்டதால் காத்திருக்கலாம் என்கிறேன். இவை உள்ளே இருந்திருந்தால் நானும் இன்றே திருப்பச் சொல்லியிருப்பேன். கைப்பேசியில் இரண்டு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனி எந்தப் பரிமாற்றத்திலும் பெயரையும் படத்தையும் நம்பாதீர்கள். அவற்றை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதது 17 இலக்க ஸ்டீம் எண். எதிராளி ஸ்டீமில் சேர்ந்த தேதி, அவருடைய ஸ்டீம் நிலை (லெவல்), உங்கள் நண்பர் பட்டியலில் இருக்கிறாரா என்பவற்றைப் பார்த்த பின்பே கைப்பேசியில் உறுதி செய்யுங்கள். பத்தாண்டுகளாக விளையாடும் அண்ணன் போன வாரம் சேர்ந்தவராகத் தெரிந்தால் அது அண்ணன் இல்லை.

கரிசல் வக்கீல் | சனிக்கிழமை, மாலை 5.10

காவல்துறைப் புகார் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். வங்கி அல்லது யூபிஐ வழியாகப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்; பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க அதுவே வழி. இங்கே போனது பொருள் என்பதால் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிவு செய்வது பொருத்தம். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியே ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் வருகிறது. மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆள் வெளிநாட்டில் இருந்தால் பிடிபடுவது அரிது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் உரையாடல், பரிமாற்ற வரலாறு, அந்தக் கணக்கின் 17 இலக்க எண் ஆகியவற்றைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பூட்டு | சனிக்கிழமை, மாலை 5.42

வெட்கப்படவும் வேண்டாம். மாதத்துக்கு 77,000 கணக்குகள் பறிபோவதாக ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே 2015 டிசம்பரில் எழுதியது. கைப்பேசி உறுதிப்படுத்தலை வலியுறுத்தத் தொடங்கியதே அதனால்தான். அந்தப் பூட்டை உடைக்க முடியாதவர்கள் இப்போது நம் விரலைக் கொண்டே திறக்கிறார்கள். ஒன்று கேட்கிறேன்: உங்கள் தோழனிடம் பேசினீர்களா? அவருடைய கணக்கும் பறிபோயிருக்க வேண்டும்.

வைகைக்கரையான் | திங்கட்கிழமை, இரவு 9.05

தகவலுக்காக எழுதுகிறேன். காத்திருந்தேன். தம்பியுடனான பரிமாற்றத்தின் பாதுகாப்பு முடிந்ததைப் பார்த்துவிட்டு இன்று மாலை திருப்பும் பொத்தானை அழுத்தினேன். கத்தி என் பெட்டிக்கு வந்துவிட்டது. கையுறை தம்பியிடமே இருக்கிறது. 30 நாள் முடக்கம் தொடங்கிவிட்டது, அதனால் அண்ணனுக்கு அடுத்த மாதம்தான் அனுப்ப முடியும். புகாரும் பதிவு செய்துவிட்டேன்.

தோழனை அன்றே தொலைபேசியில் அழைத்தேன். அந்தச் செய்தியைத் திரும்பப் படித்தபோதுதான் எனக்கே உறைத்தது. அவன் என்னைப் பன்னிரண்டு ஆண்டுகளாக "மாப்ள" என்றுதான் அழைக்கிறான். அந்தச் செய்தி முழுக்க முழுக்க ஆங்கிலத்தில், முன்பின் பழகாதவர் எழுதுவதைப் போல இருந்தது. அவனுக்கோ தன் கணக்கிலிருந்து அப்படியொரு செய்தி போனதே தெரியாது. இரண்டு வாரம் முன்பு அவனும் வேறொரு நண்பனின் அணிக்கு வாக்களித்திருக்கிறான். அவனையும் ஏபிஐ சாவிப் பக்கத்தைத் திறந்து, டொமைன் பெயரை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னேன். நான் நீக்கிய அதே எழுத்துகள்.