‘நிகர மின்புலம்’ வேண்டாமே

> பல புள்ளி மின்துகள்கள் சேர்ந்து ஓரிடத்தில் உண்டாக்கும் புலத்துக்கு ‘நிகர மின்புலம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லாருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல். நிகர லாபம், நிகர எடை என்று பழகிய காது ‘நிகர’ என்றதுமே கழிக்கத் தொடங்கிவிடும். மின்புலமோ திசையன், அளவோடு திசையும் உடையது.

ஓர் எடுத்துக்காட்டு: ஆதிப்புள்ளியில் +1.6 நானோகூலூம் மின்துகள், அதற்கு வலப்பக்கம் 3 செ.மீ. தள்ளி −2.5 நானோகூலூம். ஆதிக்கு நேர்மேலே 4 செ.மீ. உயரத்தில் புலம் வேண்டும். தொலைவுகள் 4, 5 செ.மீ. (மீட்டராக்கிய பிறகே இருமடி எடுக்கவும்.) புலம் = மாறிலி × மின்னூட்டம் ÷ தொலைவின் இருமடி; கூலூம் மாறிலி 9×10⁹ எனில் இரண்டு துகளுமே தனித்தனியே 9000 நியூட்டன்/கூலூம் தரும். ஒன்று நேர், மற்றது எதிர், ஆகவே ‘நிகரம்’ சுழி என்று எழுதிவிட்டுப் போக எவ்வளவு வசதி பாருங்கள்!

உண்மையில் முதல் புலம் மேல்நோக்கி 9000. இரண்டாவது, எதிர்மின்துகளை நோக்கிச் சாய்கிறது: வலப்பக்கம் 9000×3/5 = 5400, கீழ்நோக்கி 9000×4/5 = 7200. கூறுகளைக் கூட்டினால் வலப்பக்கம் 5400, மேல்நோக்கி 1800. எண்மதிப்பு ஏறத்தாழ 5690, கிடைக்கோட்டுக்கு மேலே 18.4°. அம்பைத் துகளை நோக்கி வரைந்த பிறகு சூத்திரத்திலும் −2.5 போட்டால் திசை இரண்டாம் முறை புரண்டு கெடும், அங்கே 2.5 மட்டும்.

ஆகவே, திசையோடு கூட்டிக் கிடைக்கும் விடைக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உள்ள ‘தொகுபயன்’ என் தேர்வு. இலங்கை வழக்கின் ‘விளையுள்’ இன்னும் சுருக்கம், அழகும்கூட. ஆனால் அங்கே ‘ஏற்றம்’ என்பதே இங்கே ‘மின்துகள்’ என்றிருக்க, ஒரு சொல்லை மட்டும் பிடுங்கி நட்டால் ஒட்டாது.

‘நிகர’வைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. மேற்படி இரண்டின் நிகர மின்னூட்டம் −0.9 நானோகூலூம். அதே புள்ளியில் மின்னழுத்தம் 360 − 450 = −90 வோல்ட். இவை ஸ்கேலர்கள் (திசையற்ற அளவுகள்), கழித்தல் செல்லும்.

> ஆகவே ... ‘தொகுபயன்’ என் தேர்வு.

ஒப்புக்கொள்கிறேன், ‘நிகர’வைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு குறை: ‘தொகுபயன்’ வினையாகாது. ‘புலங்களைத் தொகுபயனாக்குக’ என்று யாராவது எழுதித் தொலைப்பதற்குள், செய்முறைக்கு ‘திசையன் முறையில் கூட்டுக’, கிடைக்கும் விடைக்கு மட்டும் ‘தொகுபயன் மின்புலம்’ என்று பதிவுசெய்துவிடலாம்.